சிப்பாயின் பெயரில் ஓர் எஞ்சின்

கதை எழுதுகிறவர்களாகிய எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகன் போர்க்களத்தில் ஒரு மகத்தான வீரச் செயலைச் செய்து முடித்து, மன்னர் கையால் பதக்கமும் வாங்கிவிட்டான் என்றால், அந்த இடத்தில் 'முற்றும்' என்று போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிடுவோம். அவன் ஊருக்குத் திரும்பி வந்தானா, வந்தவன் மறுநாள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான், வயிற்றுப் பிழைப்புக்கு என்ன செய்தான் என்றெல்லாம் நாங்கள் விசாரிப்பதில்லை. வாசகர்களும் கேட்பதில்லை. கேட்டால் கதையின் சுவை குறைந்துவிடும் என்ற பயம் இரு தரப்பாருக்கும் உண்டு.

சரித்திரத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. வீரன் வீட்டுக்கு வந்த பிறகும் அது நடந்துகொண்டேயிருக்கும். வில்ஃபிரட் வுட் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கையில் வீரச் செயல் நடந்தது ஒரே ஒரு நாள். அது 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி. அன்று அவருக்கு வயது இருபத்தொன்று. அதற்குப் பிறகு அவர் உயிர் வாழ்ந்தது அறுபத்துமூன்று ஆண்டுகள். அந்த ஒரு நாளைப் பற்றி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். என் மனத்தை இழுப்பதோ அந்த அறுபத்துமூன்று ஆண்டுகள்தான். ஏனென்றால் அவற்றில் பெரும்பகுதியை அவர் ரயில் எஞ்சின்களின் கரியிலும் புகையிலும் கழித்தார். அதே காலத்தில், அவருடைய பெயரைப் பித்தளைத் தகட்டில் சுமந்துகொண்டு ஓர் எஞ்சின் இங்கிலாந்தின் தண்டவாளங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

மனிதன் ஒரு பக்கம். அவன் பெயர் இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தன. இப்படி ஒரு நிலைமையை நானாகக் கற்பனை செய்து எழுதியிருந்தால், பத்திரிகை ஆசிரியர் நம்ப முடியாது என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

*

வுட் பிறந்தது 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில். மான்செஸ்டருக்குத் தெற்கே உள்ள இந்த ஊர் அந்தக் காலத்தில் தொப்பிகளுக்குப் பேர்போனது. ஆனால் ஊருக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது தொப்பியல்ல, பாலந்தான். மெர்ஸி நதியின் பள்ளத்தாக்கைத் தாண்டி ரயில் செல்வதற்காக 1840-ல் கட்டி முடித்த பாலம் அது. ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் செங்கற்களை அடுக்கி, நூறடிக்கும் அதிகமான உயரத்தில், வளைவு வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே வீடுகளின் கூரைகள். அவற்றுக்கு மேலே ஆகாயத்தை ஒட்டினாற்போல் ரயில்கள். அந்த ஊரில் பிறந்த பையன்கள் அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் ஓர் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு போயிருக்கும். அவர்களில் ஒருவன் ரயில்வேயில் சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

வுட் சேர்ந்தது லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனியில். உத்தியோகத்தின் பெயர் 'கிளீனர்'. அதாவது எஞ்சின் துடைக்கும் பையன். எஞ்சின் டிரைவராக ஆசைப்படுகிற எவனும் இந்தப் படியில்தான் காலை வைக்க வேண்டும். எண்ணெயில் நனைத்த கழிவுப் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் இரவு வேளையில், எஞ்சினின் வயிற்றுக்கடியிலும் சக்கரங்களுக்கு இடையிலும் புகுந்து, அழுக்கையும் மசகையும் துடைத்தெடுக்க வேண்டும். அந்தக் கம்பெனி தன் எஞ்சின்களுக்குக் கறுப்பு வர்ணம் பூசி வைத்திருந்தது. கறுப்புத்தானே, அழுக்கு தெரியாதே என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கறுப்பு கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்மன் விட மாட்டார்.

துடைத்துத் துடைத்துச் சில வருஷங்கள் ஆன பிறகு பயர்மேன் வேலை பார்க்கத் தகுதி என்று ஒரு பரீட்சை. பயர்மேனாகிப் பல வருஷங்கள் கரி அள்ளிப் போட்ட பிறகு டிரைவர் பரீட்சை. பரீட்சையில் தேறிவிட்டாலும் மேலே இடம் காலியாக வேண்டும். இருபது வருஷம் பயர்மேனாகவே இருந்து தலை நரைத்தவர்கள் ஏராளம். பொறுமை இல்லாதவனுக்கு அந்தத் தொழில் லாயக்கில்லை.

இந்த ஏணியின் அடிப்படியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மகாயுத்தம் வந்து வுட்டை அழைத்தது. 1916-ல் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். பிரிட்டனின் ரயில்வேக்களிலிருந்து மட்டும் 1,84,000-க்கும் அதிகமானவர்கள் அந்த யுத்தத்துக்குப் போனார்கள். எஞ்சின் கொட்டகைகளும் ஸ்டேஷன்களும் ஆள் இல்லாமல் தவித்தன. அந்த இடங்களில் பெண்கள் வந்து நின்றார்கள். டிக்கெட் பரிசோதித்தார்கள்; மூட்டை தூக்கினார்கள்; பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு எஞ்சின்களுக்கடியிலும் புகுந்தார்கள். இவர்களைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது.

*

யுத்தம் என்றதும் நமக்குப் பிரான்ஸும் ஜெர்மனியும் ஞாபகத்துக்கு வரும். வுட்டின் கதை இத்தாலியில் நடந்தது. 1917 அக்டோபரில் கபொரெட்டோ என்ற இடத்தில் இத்தாலியப் படை ஆஸ்திரிய, ஜெர்மானியப் படைகளிடம் பயங்கரமான தோல்வியடைந்தது. கைதியானவர்களே இரண்டரை லட்சத்துக்கு மேல். நண்பனைத் தூக்கி நிறுத்துவதற்காகப் பிரிட்டனும் பிரான்ஸும் தங்கள் டிவிஷன்கள் சிலவற்றை ரயிலேற்றி இத்தாலிக்கு அனுப்பின. அப்படிப் போனவற்றில் ஒன்று 23-ஆவது டிவிஷன். வுட் இருந்த நார்தம்பர்லாண்ட் பியூஸிலியர்ஸ் படையின் பத்தாவது பட்டாளம் அந்த டிவிஷனைச் சேர்ந்தது.

ஒரு வருஷத்துக்குப் பிறகு, 1918 அக்டோபர் கடைசியில், இத்தாலியர்களும் நேச நாட்டாரும் பியாவே நதியைத் தாண்டி எதிர்த் தாக்குதல் தொடங்கினார்கள். நதி ஒரே ஓட்டமாக இல்லாமல் பல கிளைகளாகப் பிரிந்து, கூழாங்கல் திட்டுகளுக்கிடையே வேகமாக ஓடுகிற இடம் அது. மழையால் வெள்ளமும் வந்திருந்தது. நடுவில் பாப்படோபொலி என்று ஒரு தீவு. முதலில் இரவோடிரவாகப் படகுகளில் போய் அந்தத் தீவைப் பிடித்தார்கள். 27-ஆம் தேதி அக்கரை ஏறினார்கள். 28-ஆம் தேதி அங்கிருந்து முன்னேறினார்கள்.

அன்று காஸா வான் என்ற இடத்தருகே, வலப்பக்கத்தில் வந்துகொண்டிருந்த படை நின்றுவிட்டது. எதிரியின் யந்திரத் துப்பாக்கிகளும் மறைந்திருந்து சுடுகிறவர்களும் அதை நகரவிடவில்லை. வுட்டிடம் இருந்தது லூயிஸ் துப்பாக்கி. பன்னிரண்டு கிலோவுக்கு மேல் கனம். அதைத் தரையில் முட்டுக்கொடுத்து ஊன்றி, படுத்துக்கொண்டுதான் சாதாரணமாகச் சுடுவார்கள். வுட் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் அதைத் தூக்கிக்கொண்டு தனியாக முன்னே போனார். எதிரிகளின் பக்கவாட்டில் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து சுட ஆரம்பித்தார். 140 பேர் கையைத் தூக்கிக்கொண்டு சரணடைந்தார்கள்.

படை மீண்டும் நகர்ந்தது. திடீரென்று மிக அருகில், கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்த இன்னொரு யந்திரத் துப்பாக்கி நெருப்பைக் கக்கியது. வுட் நிற்கவில்லை. லூயிஸ் துப்பாக்கியை இடுப்போடு அணைத்துச் சுட்டுக்கொண்டே அதை நோக்கி ஓடினார். அந்தத் துப்பாக்கியை இயக்கியவர்கள் மாண்டார்கள். அங்கேயும் நிற்காமல் மேலே போய் ஒரு பள்ளத்தை நீளவாட்டில் குறிவைத்தார். அதிலிருந்து மூன்று அதிகாரிகளும் 160 சிப்பாய்களும் எழுந்து வந்து சரணடைந்தார்கள்.

கணக்குப் பார்த்தால் முந்நூறு பேருக்கு மேல். நான் இதை எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். இந்த வீரச் செயலில் செத்தவர்களைவிடப் பிழைத்தவர்களே மிகவும் அதிகம். சரணடைந்த முந்நூறு பேரும் ஹங்கேரியிலோ ஆஸ்திரியாவிலோ தங்கள் வீடுகளுக்கு என்றாவது ஒருநாள் திரும்பிப் போக வழி பிறந்தது. ஏனென்றால் அதற்கு ஏழு நாட்களுக்குப் பிறகு, நவம்பர் 4-ஆம் தேதி, இத்தாலியப் போர்முனையில் சண்டை நின்றுவிட்டது. இன்னும் ஒரு வாரம் கழித்து யுத்தமே முடிந்துவிட்டது.

வுட்டுக்கு விக்டோரியா கிராஸ் அளிக்கப்பட்டது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அதற்கு மேல் ஒரு வீரப் பதக்கம் கிடையாது. நான்கு வருஷங்களுக்கு மேல் நடந்த அந்த யுத்தம் முழுவதிலும் 628 தடவைதான் அது வழங்கப்பட்டது. வெறும் வெண்கலத்தில் செய்த, பார்க்க எளிமையான பதக்கம். அதிகாரியல்லாத சிப்பாய்க்கு அதோடு ஓர் உதவித்தொகையும் உண்டு. வருஷத்துக்குப் பத்துப் பவுன்! 1856-ல் ஏற்படுத்திய தொகை அது. மூன்று மாத வீட்டு வாடகைக்குக் காணுமோ என்னவோ. பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளலாம்; அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஆகவே வுட் ஊருக்கு வந்தார். மறுபடியும் ரயில்வே வேலைக்கே போனார்.

*

அவர் திரும்பி வந்த இங்கிலாந்து எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வீரர்கள் வாழத் தகுந்த நாட்டை உருவாக்குவோம் என்று தேர்தல் மேடைகளில் முழங்கினார்கள். 1921 நடுவிலோ வேலையில்லாதவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். பதக்கங்களை மார்பில் அணிந்துகொண்டே தெருமுனைகளில் தீப்பெட்டி விற்றவர்களை அந்தக் காலத்துப் பட்டணவாசிகள் பார்த்திருக்கிறார்கள். அந்த நிலையில் போன வேலை திரும்பக் கிடைத்தது என்பதே பெரிய பாக்கியந்தான்.

ஆனால் அந்தப் பாக்கியத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் பெண்கள். யுத்த காலத்தில் எஞ்சின் துடைத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும், ஆண்கள் திரும்பி வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பல்லாயிரம் பேர். அவர்கள் பெயரைத் தாங்கி எந்தக் கம்பெனியும் எஞ்சின் விடவில்லை.

1919 செப்டம்பரில் இன்னொரு சோதனை வந்தது. யுத்தகால அலவன்ஸைக் குறைத்துப் பல பிரிவு ரயில்வே தொழிலாளர்களின் சம்பளத்தை வெட்டுவதற்கு அரசாங்கம் ஏற்பாடு செய்தது. 26-ஆம் தேதி நள்ளிரவில் நாடு முழுவதும் ரயில்கள் நின்றன. இதில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. டிரைவர்களுக்கும் பயர்மேன்களுக்கும் அதற்கு முந்திய மாதமே நல்ல உடன்பாடு ஆகிவிட்டது. அவர்கள் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. போர்ட்டர்களுக்காகவும் தண்டவாள வேலைக்காரர்களுக்காகவும் அவர்களுடைய சங்கமும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தது. பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் இதை ஓர் அராஜகச் சதி என்று வருணித்தார். ஸ்டேஷன்களில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களைக் காவல் போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன்பு அதே சிப்பாய் உடுப்பில் இருந்தவர்கள் எத்தனையோ பேர் இப்போது ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நின்றார்கள். ஒன்பது நாளில் சமரசம் ஏற்பட்டது. சம்பளம் அப்போதைக்கு வெட்டப்படவில்லை.

வீரன் என்ற பட்டத்துக்கும் சதிகாரன் என்ற பட்டத்துக்கும் இடையே பதினோரு மாதந்தான்! அன்று பட்டம் கொடுத்தவர்களும் இன்று பட்டம் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். இந்த வேலைநிறுத்தத்தின்போது வுட் எங்கே நின்றார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அவருடைய தொழிலைச் சேர்ந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்பது மட்டும் சரித்திரம்.

*

இனி எஞ்சினின் கதைக்கு வருவோம்.

லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியில் யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் 3,719 பேர். அவர்களுக்காக லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனுக்கு முன்னால் ஓர் உயரமான கல்தூணை நிறுத்தினார்கள். அதன் நான்கு மூலைகளிலும் தலை கவிழ்ந்து நிற்கும் நான்கு வெண்கல வீரர்கள். 1921 அக்டோபரில் தளபதி ஹெய்க் அதைத் திறந்து வைத்தார். இன்றும் அங்கே நிற்கிறது. அதற்கு முன்பே, 1920-ல், இறந்தவர்களின் நினைவாகக் கம்பெனி ஓர் எஞ்சினுக்கும் 'பேட்ரியட்' என்று பெயர் சூட்டியது. தேசபக்தன் என்று பொருள். அந்த எஞ்சினுக்கு 1914 என்றே நம்பரும் கொடுத்தார்கள்.

'பேட்ரியட்' ஒரு கிளாட்டன் ரக எஞ்சின். கம்பெனியின் தலைவர் ஸர் கில்பர்ட் கிளாட்டனின் பெயரால் அமைந்த ரகம் அது. 1913 தொடங்கி 130 எஞ்சின்கள் குரூ தொழிற்சாலையில் உருவாயின. அந்தக் கம்பெனியின் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்த முதல்தரக் குதிரைகள் இவை. பல எஞ்சின்களுக்குக் கம்பெனி டைரக்டர்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஆகவே பெயர்த் தகடுகளைப் பார்த்தால் ஒரே ஸர்களும் பிரபுக்களுமாக இருக்கும். பணம் போட்டவர்களின் பெயர் முன்னே போகும். கரி போட்டவர்களின் பெயர் எங்கும் இராது. உலக வழக்கந்தானே?

1922-ல் அந்த வழக்கம் கொஞ்சம் மாறியது. கம்பெனியின் ஊழியர்களில் மூன்று பேர் விக்டோரியா கிராஸ் பெற்றிருந்தார்கள். மூவர் பெயரையும் மூன்று கிளாட்டன் எஞ்சின்களுக்குச் சூட்டினார்கள்.

ஒருவர் எர்னெஸ்ட் ஸைக்ஸ். தண்டவாளத்தைச் செப்பனிடும் கேங்மேன். முதலில் கலிப்போலிக்குப் போய்க் காலில் பலமாக அடிபட்டவர். அதோடு வீட்டில் இருந்திருக்கலாம். மறுபடியும் பிரான்ஸுக்குப் போனார். 1917 ஏப்ரல் 19-ஆம் தேதி அர்ராஸ் அருகே குண்டுமழைக்கு நடுவே நான்கு தடவை முன்னே சென்று காயம்பட்ட நால்வரைத் தூக்கி வந்தார். ஐந்தாம் தடவை போனபோது, தூக்கி வர முடியாத நிலையில் கிடந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு முடிக்கும் வரையில் அங்கேயே இருந்தார். அவருடைய பதக்கம் ஒருவரையும் கொன்றதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல.

இன்னொருவர் ஜான் கிறிஸ்டி. யூஸ்டன் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. 1917 டிசம்பரில் பாலஸ்தீனத்தில், கைக்குண்டுகளைச் சுமந்துகொண்டு திறந்த வெளியில் தனியாகப் போய் எதிரியின் தாக்குதலை நிறுத்தியவர்.

மூன்றாமவர் நம் வுட். அவருடைய எஞ்சினுக்கு நம்பர் 1097. தகட்டில் பொறித்திருந்தது: பிரைவேட் டபிள்யூ. வுட் வி.ஸி.

அந்த முதல் வார்த்தையைக் கவனியுங்கள். பிரைவேட் என்றால் பட்டாளத்தில் கடைசிப் படி, சாதாரணச் சிப்பாய். அதற்குக் கீழே பதவி கிடையாது. ஸர்களுக்கும் பிரபுக்களுக்கும் வெட்டிய அதே பித்தளையில், அதே எழுத்தில், அதே அளவில் இந்த வார்த்தையையும் வெட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் இதில் பெரிய தத்துவம் எதையும் நினைத்திருக்க மாட்டார்கள். பதக்கப் பட்டியலில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதச் சொல்லியிருப்பார்கள். எனினும் பிளாட்பாரத்தில் நின்ற போர்ட்டர் அதைப் படிக்கும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்காதா?

*

ஆனால் அந்த எஞ்சினில் வுட் ஏறிப் போனாரா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். எழுத்தாளன் புத்தி! நள்ளிரவில், நனைந்த ஒரு யார்டில், கையில் கரி மண்வெட்டியோடு நிற்கிற இளைஞன். எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற எக்ஸ்பிரஸ் எஞ்சின். விளக்கு வெளிச்சத்தில் அவன் பெயர். இப்படி ஒரு காட்சி உடனே மனத்தில் எழுந்துவிடுகிறது. ஆனால் எஞ்சின் கொட்டகையின் சட்டம் வேறு. இளம் பயர்மேன்களுக்கு முதலில் கிடைப்பது யார்டில் வண்டி தள்ளும் எஞ்சின்களும் சரக்கு வண்டிகளுந்தான். எக்ஸ்பிரஸ் வண்டி மூத்தவர்களுக்கு. பதக்கத்துக்காக வரிசையைத் தாண்ட முடியாது. அவரவர் முறை வரவேண்டும்.

அந்த முறை வரும் வரையில் வேலை எப்படிப்பட்டது? அகாலத்தில் கால் பாய் வந்து கதவைத் தட்டுவான். பனியிலும் மழையிலும் நடந்து கொட்டகைக்குப் போக வேண்டும். எக்ஸ்பிரஸ் எஞ்சினானால் நூறு மைல் ஓடுவதற்குள் ஒன்றரை, இரண்டு டன் கரியை ஒற்றை மண்வெட்டியால் அள்ளிப் போட வேண்டும். அதுவும் கண்டபடி போடக் கூடாது. நெருப்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தில் போய் விழவேண்டும். ஆடிக்கொண்டே ஓடுகிற எஞ்சினில் கால் ஊன்றி நின்று இதைச் செய்ய வேண்டும். முன்னே நெருப்பு முகத்தைச் சுடும். பின்னே குளிர்காற்று முதுகை அறுக்கும். சிக்னலையும் பார்க்க வேண்டும். தண்ணீர் அளவையும் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் பின்னால் தூங்கிக்கொண்டு வருகிற ஐந்நூறு பேருக்கு ஆபத்து.

யுத்தத்தில் வேண்டியது ஒருநாள் தைரியம். இதற்கு வேண்டியது தினந்தினம் தவறாத ஒழுங்கு. இரண்டில் எது கஷ்டம் என்று வுட்டைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. முதலாவதற்குத்தான் பதக்கம் தயாராக இருக்கிறது.

அவர் அந்த ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். பயர்மேன் ஆனார், டிரைவர் ஆனார், பின்னர் மேற்பார்வையாளரும் ஆனார். அவர் ஏறிக்கொண்டிருந்தபோது ரயில்வேயே உருமாறிக்கொண்டிருந்தது. 1923-ல் பழைய கம்பெனி மறைந்து, பெரிய லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் கம்பெனியில் கலந்தது. 1926-ல் பொது வேலைநிறுத்தம். 1930-களில் வியாபார மந்தம். சரக்கு குறைந்தது, பயர்மேனாக இருந்தவர்கள் பலர் மறுபடியும் எஞ்சின் துடைக்கத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு இரண்டாவது யுத்தம். விளக்கணைத்த ஊர்களினூடே இருட்டில் ஓடிய ரயில்கள். 1948-ல் ரயில்வேக்கள் தேசிய உடைமையாயின.

*

எஞ்சினுக்கும் இப்படியே பல பிறவிகள்.

கிளாட்டன் எஞ்சின்கள் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. கரியை அதிகமாகத் தின்றன, ரிப்பேரும் அதிகம். 1930 முதல் அவற்றுக்குப் பதிலாகப் புது ரகம் ஒன்றைக் கட்டினார்கள். 1934-க்குள் 52 எஞ்சின்கள் வந்தன. நினைவு எஞ்சினின் பெயரை முதல் எஞ்சினுக்கு மாற்றியதால் இந்த ரகம் முழுவதற்குமே 'பேட்ரியட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1933-ல் வந்த ஒரு புதிய எஞ்சின் வுட்டின் பெயரை எடுத்துக்கொண்டது, நம்பர் 5536. அதற்கடுத்த 5537 ஸைக்ஸின் பெயரைத் தாங்கியது. பட்டாளத்தில் ஒரே ரெஜிமெண்டைச் சேர்ந்த இருவரும் தண்டவாளத்திலும் பக்கத்துப் பக்கத்து நம்பர்களாக நின்றார்கள்! கிறிஸ்டியின் பெயருக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. பழைய எஞ்சினோடு அது போய்விட்டது. பித்தளையில் வெட்டினால் நிரந்தரம் என்று நினைக்கிறோம். பித்தளைக்கும் ஒருவர் பட்டியல் எழுத வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பெயர் விட்டுப்போகலாம்.

ஸைக்ஸும் யுத்தத்துக்குப் பின் ரயில்வேக்கே திரும்பி வந்தவர். டிக்கெட் கலெக்டராகவும் பிறகு கார்டாகவும் வேலை பார்த்தார். 1949-ல் காலமானார். அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷங்கள் அவருடைய எஞ்சின் ஓடியது.

வுட்டின் விஷயத்தில் கணக்குத் தலைகீழ். அவர் 1960-ல் ஓய்வு பெற்றார். அப்போது ரயில்வேயில் அவருக்கு 46 வருஷ சர்வீஸ். அதற்குள் நீராவி எஞ்சின்களின் காலம் அஸ்தமித்துக்கொண்டிருந்தது. 1955-ல் போட்ட நவீனத் திட்டப்படி டீஸலும் மின்சாரமும் வந்துகொண்டிருந்தன. 1962-ல் 'பிரைவேட் டபிள்யூ. வுட்', 'பிரைவேட் ஈ. ஸைக்ஸ்' இரண்டையுமே சேவையிலிருந்து நீக்கினார்கள். தகடுகளைக் கழற்றிவிட்டு எஞ்சின்களை உடைத்து இரும்பு விலைக்குப் போட்டார்கள். 1965-க்குள் ஐம்பத்திரண்டு பேட்ரியட்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1968 மே மாதத்தில் வுட்டின் ஊரான ஸ்டாக்போர்ட்டின் எஞ்சின் கொட்டகையை மூடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பெரும்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் வழக்கமான ஓட்டம் முடிவடைந்தது.

தன் பெயர் தாங்கிய எஞ்சின் இரும்புத் துண்டுகளாகப் போன பிறகும் வுட் ஏறத்தாழ இருபது வருஷம் இருந்தார். ஸ்டாக்போர்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஹேஸல் குரோவில் குடியிருந்தார். 1982 ஜனவரியில், எண்பத்து நான்காம் வயதில் காலமானார்.

சிலை வைத்த மனிதர்கள் சிலைக்கு முன்பே போய்விடுவார்கள். அதுதான் முறை. மனிதன் நிலையாதவன் என்பதால்தானே கல்லிலும் உலோகத்திலும் பெயரை எழுதுகிறோம்? இங்கே எழுபது டன்னுக்கு மேற்பட்ட இரும்பு முந்திக்கொண்டது. ரத்தமும் சதையுமான மனிதர் நின்றார். தம்முடைய ஞாபகச் சின்னத்துக்குத் தாமே ஞாபகச் சின்னமாக, பென்ஷன் வாங்கிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருபத்தொரு வயதில் அவர் செய்த காரியத்துக்கு நாடு பதக்கம் கொடுத்தது. கம்பெனி பித்தளைத் தகடு கொடுத்தது. இரண்டையும் அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் வாழ்ந்தது அவற்றை வைத்து அல்ல; நாற்பத்தாறு வருஷம் பார்த்த வேலையை வைத்து. அந்த வேலையும் கையுமாக இருந்தவரிடம் அவருடைய பதக்கத்தைக் கண்டு யாராவது மலைத்து நின்றால், சிக்னல் விழுந்துவிட்டது, வண்டியை எடுக்க வேண்டும் என்றுதான் அவர் நினைத்திருக்க முடியும்.

2008-ல் இங்கிலாந்தில் சில ரயில் பிரியர்கள் கூடி, அழிந்துபோன பேட்ரியட் ரகத்தில் புதிதாக ஓர் எஞ்சினைக் கட்டத் தொடங்கினார்கள். பழைய வரிசை 5551-ல் நின்றிருந்தது. ஆகவே பிற்காலத்தில் அந்த நம்பரையே இதற்குக் கொடுத்தார்கள். பெயர் வைப்பதில் யோசனை எழுந்தது. 'பெயர் தெரியாத வீரன்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். பிரபுக்களில் தொடங்கி, சிப்பாயிடம் வந்து, கடைசியில் பெயரே இல்லாதவனிடம் வந்து நின்றிருக்கிறது அந்தத் தகடு.

ஹேஸல் குரோவில் ஒரு மதுக்கடைக்கு வில்ஃபிரட் வுட்டின் பெயரை வைத்தார்கள். முன்னால் 'பிரைவேட்' இல்லை; பின்னால் 'வி.ஸி.' இல்லை. வெறும் வில்ஃபிரட் வுட். அக்கம்பக்கத்தில் தெரிந்த ஒரு மனிதரைக் கூப்பிடுவதுபோல.